கோட்டு அப்பாவை நீக்கியவள்

என் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. எங்கள் வீட்டில் பெட்டி இருந்ததை வெளியே யாரிடமும் சொல்லமாட்டோம் என்று எழுதிக் கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். நான் போடவில்லை. அதனால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். புதுத் துணி தைப்பது குறைவு. பேன்ட் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துத் தளர்த்துவது, ஜிப்பு மாற்றுவது, இவைதான் அவளுக்கு வரும் வேலைகள். மெஷினுக்கு நேர் எதிரே டிவி. முப்பது வருடமாகக் கால் மெஷினிலும் கண் டிவியிலுமாக இருந்தாள். ஊசி ஒரு தடவைகூட விரலில் ஏறியதில்லை.

நடிகர்களின் பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. பெயர் ஓடும் நேரத்தில் அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள். ஆகவே அவளே பெயர் வைத்தாள். எந்தத் தொடரில் வந்தாலும் அழுகிற நடிகைக்கு ‘டேங்க்’. கதவோரம் நின்று அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கியவருக்கு ‘நிலைப்படி’. எட்டு மணித் தொடரில் டேங்க்கின் கணவராக, கதாநாயகியின் அப்பாவாக வந்தவருக்குக் ‘கோட்டு’. அந்த மனிதர் அலுவலகத்திலும் கோட்டுப் போட்டிருப்பார், ஆஸ்பத்திரியிலும் போட்டிருப்பார், ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாலும் கோட்டோடுதான் வருவார்.

“இந்த ஏழைப் பொண்ணு சட்டை கிழிஞ்சிருக்கே, பாருங்க. தையல் ஓரமாவே நேரா கிழிஞ்சிருக்கு. எந்த ஏழைக்குங்க இப்படி அளவெடுத்துக் கிழியுது?” என்பாள்.

நான் பக்கத்து நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்து “ம்” என்பேன். ஒரு வார இதழில் பிழை திருத்துவது என் வேலை. வீட்டுக்கு வந்தபின் பிழையில்லாத எதையாவது படிக்க வேண்டும் என்றிருக்கும்.

“டேங்க் உடம்பு போட்டுட்டா. அக்குள்ல விட்டுத் தச்சிருக்காங்க. ஆனா வஞ்சனையில்லாம அழறா. போகட்டும், விட்டுடலாம்.”

“ம்.”

“இந்தக் கோட்டுக்குத்தான் நடிப்பே வரல. சோகம்னாலும் மூக்கு விடைக்குது, சந்தோஷம்னாலும் மூக்கு விடைக்குது. மகளப் பாத்து அழறானா, தும்மல் வருதான்னு தெரியல.”

“ம்.”

“என்ன ம்? செவுத்துக்கிட்ட சொன்னாக்கூட எதிரொலி கேக்கும்.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் ஒரு நாள் பெட்டிக்காரர் வந்தார். யார் யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் நிறுவனத்தின் ஆள். நாற்பது வயதிருக்கும். தோளில் பை, கழுத்தில் அட்டை, எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்லும் பழக்கம். குலுக்கல் முறையில் எங்கள் வீடு தேர்வாகியிருந்தது. டிவிக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்து, தனியாக ஒரு ரிமோட்டும் கொடுத்தார். அதில் ஒன்றாம் பட்டன் எனக்கு, இரண்டாம் பட்டன் அவளுக்கு. கடைசி நான்கும் விருந்தாளிகளுக்கு. அவர்கள் வந்தால் வயதையும் சேர்த்து அழுத்த வேண்டும். டிவி முன் உட்கார்ந்தால் ஒரு தடவை, எழுந்து போனால் ஒரு தடவை. பெட்டியில் நம் எண் எரியும், அணையும். அவ்வளவுதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: “உங்கள மாதிரி கொஞ்ச வீட்லதாம்மா இது இருக்கு. ஊர்ல எல்லாரும் என்ன பாக்குறாங்கன்னு உங்கள வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க. நீங்க ஒரு ஆள் பாத்தா, ஆயிரக்கணக்கான பேர் பாத்த மாதிரி.”

அவர் போனபிறகு அவள் ரிமோட்டை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருட அபிப்பிராயத்துக்கு முதல் முறையாக ஒரு கம்பி இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று எட்டு மணிக்கு முதல் வேலையாக என்னைப் பிடித்தாள். “நீங்க புத்தகம்தானே படிக்கிறீங்க? ஒண்ண அணைங்க. ஆயிரம் பேர் பொய் சொல்ற மாதிரி ஆயிடும்.”

அணைத்தேன். அடுத்த காட்சியில் கோட்டு வந்தார். அவள் இரண்டை அழுத்தினாள். பெட்டியில் அவள் எண் அணைந்தது. கோட்டு பேசி முடித்துப் படியேறிப் போனதும் மறுபடி அழுத்தினாள். எண் எரிந்தது.

“எந்திரிச்சுப் போனாத்தானே அழுத்தச் சொன்னார்?” என்று கேட்டேன்.

“மனசு எந்திரிச்சுப் போச்சுல்ல.”

ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது அழுத்துவாள். மெஷின் சத்தம் நிற்கும், டக், மறுபடி மெஷின். சத்தத்தை வைத்தே கோட்டு வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாவது வாரம் கோட்டுவின் கார் பாலத்திலிருந்து விழுந்தது. மறுநாள் அவருடைய படத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்கள். படத்திலும் கோட்டுதான்.

அவள் மெஷினை நிறுத்தினாள். “பாத்தீங்களா!” என்றாள். பிறகு மெதுவான குரலில், “பாத்தீங்களா...” என்றாள். அன்று அவள் நடை வேறு மாதிரி இருந்தது. மாடியில் குடியிருந்த டிரைவரின் மனைவி உப்புக் கடன் கேட்டு வந்தபோது, அமைச்சர் தன் வீட்டு வாசலில் நின்று மனு வாங்குவது போல நின்று கொடுத்தாள்.

அந்தப் பெருமை நான்கு நாள்தான் நீடித்தது. அன்று எனக்கு வார விடுமுறை. மத்தியானம் ஏதோ பெயின்ட் விளம்பரம் ஓடியது. ஒரு குடும்பம் மஞ்சள் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறது. பின்னால், ஏணிக்குப் பக்கத்தில், வசனம் எதுவும் இல்லாமல் ஒருவர் நின்று தலையாட்டுகிறார். கோட்டு!

“ஐயோ,” என்றாள் அவள். “என்னங்க, அந்த இடது பாக்கெட் மூடியப் பாத்தீங்களா? ஒரு நூல் கீழ இறங்கியிருக்கு. வேற நூல்ல மறுபடி தச்சிருக்காங்க.”

“அதுக்கென்ன?”

“எட்டு மணித் தொடர்லயும் அதே மூடி. அதே நூல். அது கம்பெனி குடுத்த கோட்டு இல்லங்க. சொந்தக் கோட்டு! ஒரே ஒரு கோட்டு வச்சுக்கிட்டுப் போற எடத்துக்கெல்லாம் அதையே போட்டுக்கிட்டுப் போறாருங்க அந்த மனுஷன்.” வாயில் இருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். “நான் பட்டன அழுத்தி அவர் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன்.”

அதுவரை ‘அவன்’ ஆக இருந்தவர் அன்றைக்கு ‘அவர்’ ஆனார்.

நான் தேற்றிப் பார்த்தேன். ஒரு வீட்டுப் பட்டனால் ஒருவருக்கு வேலை போகுமா என்றேன். “ஆயிரக்கணக்கான பேர்னு அந்த ஆள் சொன்னாருல்ல? ஒரு நாளைக்கு ஆறு தடவ, அஞ்சு வாரம். நீங்களே பெருக்கிப் பாருங்க,” என்றாள். பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அதன்பின் பெயின்ட் விளம்பரத்துக்குக் காவல் இருந்தாள். அது வந்தால் இரண்டை அழுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து பார்ப்பாள். அது போதவில்லை என்று தோன்றியதும் விருந்தாளிப் பட்டன்களிடம் போனாள். மாடி வீட்டு அம்மாவை மத்தியானம் கூப்பிட்டு உட்காரவைத்தாள். துணி வாங்க வந்தவர்களை விடவில்லை. அடுத்த விடுமுறை நாளில் நானே பார்த்தேன். ஒரு பருமனான கணக்காளர் ஜிப்பு மாற்றிய பேன்ட்டை வாங்க வந்திருந்தார்.

“உக்காருங்க சார். வயசென்ன?”

“எனக்கா? ஜிப்பு மாத்துறதுக்கு வயசு எதுக்கும்மா?”

“சும்மா சொல்லுங்க.”

“அம்பத்தி நாலு.”

அழுத்தினாள். “இப்ப டிவியப் பாருங்க. பெயின்ட்டப் பாக்காதீங்க, ஏணிக்குப் பின்னால பாருங்க. ஒரு பெரியவர் நிக்கிறாரா?”

“நிக்கிறார்.”

“எப்படி நிக்கிறார்?”

கணக்காளர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். “நல்லா... நேரா நிக்கிறார்மா,” என்றார்.

“இதத்தான் எதிர்பார்த்தேன்,” என்று பேன்ட்டைக் கொடுத்து அனுப்பினாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெட்டிக்காரர் மறுபடி வந்தார். கையில் தாள்கள்.

“அம்மா, போன வாரம் உங்க வீட்ல பதினாலு விருந்தாளி. பதினாலு. எல்லாரும் முப்பது செகண்ட் இருந்திருக்காங்க.”

“வந்தாங்க, போனாங்க.”

“முப்பது செகண்ட்லயா?”

“அவசரக்காரங்க. இந்தக் காலத்துல யாருக்கு உக்கார நேரமிருக்கு?”

“எல்லாரும் பெயின்ட் விளம்பரத்துக்கு மட்டும் வந்திருக்காங்களேம்மா.”

“வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஆளுக்கு ஒரு கலர் சொன்னாங்க.”

அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். இது தொடர்ந்தால் பெட்டியை எடுக்க வேண்டியிருக்கும் என்று இரண்டு தடவை சொன்னார். அவர் எழுந்திருக்கும்போது அவள் கேட்டாள்: “சார், தெரியாம ஒருத்தர எடுத்துட்டோம்னு வைங்க. திரும்ப வைக்கிறதுக்கு எந்தப் பட்டன்?”

“யார எங்கேருந்தும்மா எடுத்தீங்க?”

“ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்.”

அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஒரு கடிதம் எழுதி என்னிடம் நீட்டினாள். பிழை திருத்தி, அலுவலகத்திலிருந்து டிவி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இத்தனை வருடத்தில் என் தொழிலை அவள் மதித்துக் கேட்ட முதல் உதவி. கடிதம் இப்படி ஆரம்பித்தது:

‘மதிப்பிற்குரிய ஐயா, பட்டன் இரண்டு நான்தான். எட்டு மணிக்குக் கோட்டு போட்டு அப்பாவாக வந்தவர் நன்றாகவே நடித்தார். எனக்குத்தான் மூக்கு பிடிக்கவில்லை. மூக்கு அவர் கையில் இல்லை. பாலத்திலிருந்து விழுந்தவர்கள் உங்கள் தொடரில் முன்பும் பிழைத்து வந்திருக்கிறார்கள்...’

கடைசியில் தன் பெயரையும் முழு முகவரியையும் எழுதியிருந்தாள். ரகசியத்தை உடைத்தால் என்ன தண்டனை என்று அவளுக்குத் தெரியாது. எதுவானாலும் வரட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

அன்று ராத்திரி உட்கார்ந்து திருத்தி, திங்கட்கிழமை அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் இதழில் சினிமாப் பக்கம் எழுதுபவரை எல்லோரும் ‘துணுக்கு’ என்றுதான் கூப்பிடுவோம். விலாசம் கேட்கலாம் என்று அவரிடம் போய், எட்டு மணித் தொடரில் கோட்டுப் போட்ட அப்பாவை ஏன் நீக்கினார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

“நீக்குனாங்களா? அவரே போனார் சார். சினிமாவுல பெரிய வேஷம் கெடச்சிருக்கு. இவங்க கெஞ்சினாங்க, மாட்டேன்னுட்டார். பாலத்துலேருந்து தள்ளுங்கன்னு ஐடியா குடுத்ததே அவர்தான்.”

“அந்தக் கோட்டு...”

“ராசியான கோட்டாம். பத்து வருஷமா அதத்தான் போடுறார். பெயின்ட் விளம்பரம் ரெண்டு வருஷம் பழசு, இப்ப மறுபடி போடுறாங்க. அவருக்கென்ன சார், மூணு வீடு.” துணுக்கு என்னை வியப்பாகப் பார்த்தார். “இதெல்லாம் நம்ம பக்கத்துல எப்பவோ வந்துடுச்சே. நீங்கதானே பிழை பாத்தீங்க?”

பழைய இதழை எடுத்துப் பார்த்தேன். இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வருவதற்குப் பத்து நாள் முந்தைய இதழ். நடிகரின் நிஜப் பெயரைப் போட்டு, தொடரிலிருந்து விலகிவிட்டார், அவர் வரும் கடைசிக் காட்சிகளை எடுத்து முடித்துவிட்டார்கள் என்று நான்கு வரி. அதில் ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்ததை நான் சேர்த்தது நன்றாக நினைவிருந்தது. என்ன செய்தி என்பது நினைவில் இல்லை. கோட்டு என்று போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான்கு வரிதான். இதழைப் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவள் கேட்டாள்: “போட்டாச்சா?”

“விலாசம் சரிபாக்கணும். ரெண்டு நாள் ஆகும்.”

“ஆகட்டும். இங்க உக்காருங்க. இன்னைக்குப் பூரா யோசிச்சேன். அந்த மனுஷனுக்கு ஆஸ்பத்திரிக் காட்சி ஒண்ணு வந்துச்சே, ஞாபகமிருக்கா? அதுல மூக்கு விடைக்கல தெரியுமா...”

எனக்கு ஞாபகமில்லை. நான் அந்தக் காட்சியின்போது நாவலில் பாதியில் இருந்தேன். “சொல்லு,” என்றேன். சொன்னாள். மகளின் கட்டிலோரம் அவர் நின்ற விதம், பேசாமல் போர்வையை இழுத்துவிட்டது, அப்போது டேங்க்கூட அழாமல் இருந்தது. சொல்லச்சொல்ல நான் அந்தத் தொடரைப் பார்த்தேன். திரையில் வந்ததைவிட அவள் சொன்னது நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை நிலைப்படியைப் பற்றிப் பேசினாள். புதன்கிழமை, அவள் கல்யாணத்துக்கு முன் பார்த்த சினிமாக்கள். எந்தக் கதாநாயகனுக்குச் சட்டைக் கழுத்து சரியாக இருந்தது, எவருக்கு வசனத்தைவிட இருமல் நன்றாக வந்தது என்றெல்லாம் சொன்னாள். நான் கேள்வி கேட்டேன். அவள் நிறுத்தி, என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னாள். இதழ் பையிலேயே இருந்தது. அவள் ஒரு ஆளை நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள். நான் அவள் பேச்சை ரசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. சாயங்காலம் கடைக்குப் போய்வந்தவள் மேஜையில் ஒரு துணியை விரித்தாள். அடர்ந்த சாம்பல் நிறம், கனமான துணி.

“யாருக்கு?”

“அவருக்குத்தான். லெட்டரோட சேத்து அனுப்பிடலாம். ரெண்டாவது கோட்டு இருந்தா ரெண்டு எடத்துல வேலை தேடலாம்ல.”

“அளவு?”

“முப்பது வருஷமா இதத்தானே பண்றேன். தோள் பதினெட்டரை. கை இருபத்தி நாலு. இடது தோள் கொஞ்சம் எறக்கம்.” சாக்கால் கோடு போட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தாள். கத்தரி வாயைத் திறந்து துணியின் விளிம்பில் வைத்தாள்.

“வெட்டாதே,” என்றேன்.

நிமிர்ந்தாள். பையிலிருந்து இதழை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, துணி மேல் வைத்தேன். துணுக்கு சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று வீடு உட்பட.

நான்கு வரியை அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பெருமூச்சு விடுவாள், ஒருவேளை அழுவாள் என்று நினைத்தேன்.

“அவனாவே போனானா?” என்றாள்.

“ஆமா.”

“பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்குது. மாப்பிள்ளை ஓடிப்போயிட்டான். டேங்க் ஒருத்தியா நின்னு அழுதுக்கிட்டிருக்கா. இந்த நேரத்துல சினிமாவுக்குப் போனானா? மனுஷனா அவன்?”

“அது கதைதானே...”

“கதைதான்! கதையில அவன்தானே அப்பன்?” துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து இன்னும் சிறிதாக மடித்தாள். “அப்ப நான் அழுத்துனதுனால இல்ல.”

“இல்ல.”

“ஒரு தடவகூட?”

“தெரியல. அழுத்துனது கணக்குல ஏறியிருக்கும்,” என்றேன். அவள் தலையாட்டினாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். கடிதத்தைக் கொடுங்கள் என்று வாங்கி, நான் திருத்தியிருந்த பிழைகளை எண்ணினாள். பதினொன்று. கடிதத்தைக் குறுக்கே கிழித்தாள். பிறகு கேட்டாள்: “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“திங்கட்கிழமை.”

“இன்னைக்கு வியாழன்.” விரலை மடக்கினாள். “மூணு ராத்திரி பக்கத்துல உக்காந்து, ‘அப்புறம், அப்புறம்’னு கேட்டீங்க. மூஞ்சியில ஒரு கோடு விழல. மூக்குகூட விடைக்கல.”

“நீ பேசிக்கிட்டிருந்த. கேக்க நல்லா இருந்துச்சு. சொல்லிட்டா நிறுத்திடுவன்னு...”

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். இன்னொருவர் தைத்த துணியைத் திருப்பிப் போட்டு உள் தையலைப் பார்க்கும்போது அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

“நல்லாத்தான் நடிக்கிறீங்க,” என்றாள். “அந்த ஆளுக்குப் பதிலா உங்களையே போட்டிருக்கலாம்.”

அவள் யாருக்கும் அவ்வளவு தாராளமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எட்டு மணி ஆனது. டிவியைப் போட்டாள். செத்துப்போன கோட்டுவின் தம்பியாக, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று புதிதாக ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். உயரமாக, கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். அவரைப் பார்த்ததும் டேங்க் திறந்தது. நான் புத்தகம் எடுக்காமல் முழுக்கப் பார்த்தேன். விளம்பரம் வந்தது.

“எப்படி இருக்கான்?” என்று கேட்டாள். டிவியில் ஒருவரைப் பற்றி என்னிடம் அவள் அபிப்பிராயம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் நன்றாக யோசித்தேன். “பரவால்லையே. உணர்ச்சியாத்தான் பண்றான்,” என்றேன்.

“உணர்ச்சியா? கழுத்துல சுத்துன துணி அவுந்துடுமோன்னு பயந்துக்கிட்டே நிக்கிறான், அது உங்களுக்கு உணர்ச்சியாத் தெரியுதா?” அவள் மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, பாதியில் நின்ற ஒரு பேன்ட்டை ஊசிக்கடியில் தள்ளினாள். “உங்களுக்கு நடிக்கத் தெரியுதுங்க. பாக்கத்தான் தெரியல. நாளைக்கு இந்த நாற்காலிய இன்னும் கொஞ்சம் முன்னால போட்டு உக்காருங்க.”